ராய்ஸ் ஓவர்மயருக்கு ஊர் போட்ட விருந்து

பெல் க்ரீக் பெட்ரோல் பங்கில் பொழுது விடிவதற்குள் காபி மேசை நிரம்பிவிடும். மேசை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குளிர்பான அலமாரிக்கும், தூண்டில் போடுகிறவர்களுக்காக மண்புழு விற்கும் சின்னக் குளிர்ப்பெட்டிக்கும் இடையில் நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் இடம், அவ்வளவுதான். இந்தியானாவின் இந்த மூலையில் அதுதான் சட்டசபை, அதுதான் நீதிமன்றம். அங்கே தலைமை நீதிபதி ராய்ஸ் ஓவர்மயர்.

ஆள் ஓங்குதாங்காக இருப்பார். குரல் அவரைவிடப் பெரியது. ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தாலும் சரி, பள்ளிக்கூடத்து கூடைப்பந்து அணி தோற்றாலும் சரி, குற்றவாளி யார் என்று காபி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். கை கால் நன்றாக இருந்தும் அரசாங்கத்திடம் கையேந்துகிறவர்களால்தான் நாடு கெட்டுப்போனது. அவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘சர்க்கார் வீட்டு மாப்பிள்ளைகள்’. அந்தப் பெயர் ஊருக்கே பிடித்துப்போய் எல்லோர் வாயிலும் புழங்கியது.

ராய்ஸ் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும். பனியில் யார் கார் பள்ளத்தில் இறங்கினாலும் டிராக்டரை எடுத்துக்கொண்டு வருகிற முதல் ஆள் அவர்தான். தேவாலயத்தைச் சூடாக வைக்கும் கொதிகலன் நின்றுபோனால் ராத்திரியென்றும் பார்க்காமல் போய்ப் படுத்துக்கிடந்து சரிசெய்வார். கூலி என்று ஒரு காசு வாங்கியதில்லை. யாருக்கும் கடமைப்படாமல் வாழ்கிறவன் என்று தன்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது, அதை ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த எண்ணத்தில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

அந்த பங்கில் கல்லாவில் நிற்பவள் ட்ரீனா பேட்ஸ். முப்பத்தைந்தைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள், பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. ஏழைகளுக்கு மாநில அரசு கொண்டுவந்த மருத்துவத் திட்டத்தில் சேர்ந்ததை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. “முதல் தடவையா இன்ஹேலரை எண்ணி எண்ணி இழுக்காம மூச்சு விடுறேன்” என்று மேசைக்கே வந்து சொன்னாள். சொன்னது தப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் ‘சர்க்கார் வீட்டு மருமகள்’ ஆனாள். அந்தப் பட்டத்தையும் ராய்ஸ்தான் சூட்டினார்.

“ஏ மருமகளே, காபி எங்க? இல்ல, அதையும் சர்க்காரே வந்து ஊத்தணுமா?”

“ஊத்துவாங்க, ராய்ஸ். ஆனா உங்க தலையில ஊத்துவாங்க, பரவால்லையா?”

சிரிப்பு அடங்க வெகுநேரமாகும். அவளும் சிரிப்பாள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்ததா என்று அந்த மேசையில் யாரும் யோசித்ததில்லை.

இப்போது ராய்ஸின் கதைக்கு வருவோம். அவர் வேலை பார்த்தது பயண வண்டிகள் கட்டும் தொழிற்சாலையில். கோடையில் ஜனங்கள் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த வண்டி வீடுகளுக்கு உள்ளே அலமாரி பொருத்துவது அவர் வேலை. ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேலை போனது, வேலையோடு இன்சூரன்ஸும் போனது. பிறகு அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கில் கூலி, மற்ற நாளில் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது என்று காலம் ஓடியது. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டார். அதைக் கண்டுபிடித்த அன்று அவர் மனைவி மார்வா நூலகத்துக்குப் போனாள், அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள், இரண்டு பேர் பெயரையும் அதே மாநிலத் திட்டத்தில் பதிந்துவிட்டு வந்தாள்.

வீட்டில் பூகம்பம்தான்.

“யாரைக் கேட்டு செஞ்ச?”

“உன்னைக் கேட்டா நீ செத்ததுக்கப்புறம்தான் சரின்னு சொல்லுவ. அதான் கேக்கல.”

“என்னை சர்க்கார் வீட்டு மாப்பிள்ளை ஆக்கிட்டியேடி!”

“இருபத்தெட்டு வருஷமா என் வீட்டு மாப்பிள்ளையா இருந்து என்னத்தக் கிழிச்ச? இதுக்கும் இருந்து பாரு.”

மார்வாவுக்கு வாய் அப்படி. ஆனால் அவரை வழிக்குக் கொண்டுவந்தது அவள் வாய் இல்லை, அந்தத் திட்டத்தின் அமைப்பு. அது சும்மா கொடுப்பதில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் சேமிப்புக் கணக்குபோல் ஒன்று திறப்பார்கள். பெரும்பகுதியை அரசாங்கம் போடும். நாமும் மாதாமாதம் வருமானத்துக்குத் தக்க ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். வைத்தியச் செலவு அந்தக் கணக்கிலிருந்து போகும். ராய்ஸ் அந்தச் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டார். ‘நாம கட்டுறோம். நம்ம பேர்ல கணக்கு. இது தானம் இல்ல’ என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அந்த முள்ளை ஒருவழியாக விழுங்கினார். ட்ரீனாவும் அதே திட்டத்தில்தான், அதே மாதிரிக் கணக்கில்தான் கட்டுகிறாள் என்பதை மட்டும் நினைத்துப்பார்க்காமல் சாமர்த்தியமாக ஒதுங்கிப் போனார்.

பணப்பையில் மான் வேட்டை உரிமத்துக்குப் பின்னால் அந்தத் திட்டத்தின் அட்டையைச் செருகி வைத்தார். மாத்திரை வாங்க அடுத்த மாவட்டத்து மருந்துக் கடைக்குப் போனார். பெட்ரோல் செலவு மாத்திரை விலைக்கு மேல் ஆனது. போனாலும் பரவாயில்லை, தெரிந்த முகம் எதிரில் வரக்கூடாது. காபி மேசையில் குரல் மட்டும் குறையவில்லை. சொல்லப்போனால் இன்னும் உயர்ந்தது. பயந்தவன் இருட்டில் பாடுவதுபோல்தான்.

ஆகஸ்ட் மாதம் தேவாலயத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாள். உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸ் ஊற்றிக்கொண்டு வரிசையில் வந்த ராய்ஸ் தட்டோடு சரிந்து விழுந்தார். ஒரு வாரமாக வயிற்றுவலி இருந்ததை மார்வாவிடம்கூடச் சொல்லவில்லை. பித்தப்பை சீழ் பிடித்து வெடித்திருந்தது. தீயணைப்புத் தொண்டர்களின் தலைவன் டெனி ரௌஷ், ராய்ஸுடன் பள்ளியில் ஒன்றாகப் படித்தவன், அவன்தான் ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு போனான். அறுத்தார்கள், குழாய் வைத்தார்கள், பிழைத்தது பெரிது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தார். செலவெல்லாம் அந்தக் கணக்கும் திட்டமும் பார்த்துக்கொண்டன. மார்வா ஒரு கையெழுத்தோடு வெளியே வந்தாள்.

பிழைத்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டெனி பார்க்க வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றான். ஊரில் யாரும் நேராகக் கேட்கத் தயங்கும் கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டான்.

“டேய் ராய்ஸ், கோச்சுக்காத. ஆஸ்பத்திரி பில்லு... இன்சூரன்ஸ் கின்சூரன்ஸ் ஏதாவது?”

மார்வா வாயைத் திறந்தாள். ராய்ஸ் முந்திக்கொண்டார்.

“எங்களைப் பத்திக் கவலைப்படாத, டெனி. இதுவரைக்கும் யார்கிட்டயும் கையேந்தல, சமாளிச்சுக்குவோம்.”

பொய் என்று இதில் எந்த வார்த்தையையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் கேட்டவனுக்கு என்ன புரியும் என்று சொன்னவருக்கு நன்றாகத் தெரியும். டெனியின் கண் கலங்கிவிட்டது. நண்பனின் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனான். மார்வா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே பங்கின் கல்லாவில், காசு சேர்க்க ராய்ஸின் படம் ஒட்டிய ஊறுகாய் ஜாடி வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். யாருக்காவது புற்றுநோய் என்றாலோ, வீடு எரிந்தாலோ, முதலில் ஜாடி வரும். பிறகு தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு ஊருக்கே பன்றி சுட்டுப் போடுவார்கள். சாப்பிடுகிறவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். கடைசியில் பெண்கள் சுட்டுக் கொண்டுவரும் ‘பை’ என்ற வட்டமான இனிப்புப் பண்டங்களை ஏலம் விடுவார்கள். பத்து டாலர் பெறாத பையை முப்பதுக்கும் நாற்பதுக்கும் எடுப்பதுதான் அதில் மரியாதை. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ராய்ஸுக்கு விருந்து என்று எல்லாக் கதவிலும் தாள் ஒட்டியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த ராய்ஸிடம் மார்வா ஒரே மூச்சில் கேட்டாள்.

“நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?”

“அறுவடைக் கூலி மொத்தமும் போச்சு, மார்வா. எழுந்து நடக்க ரெண்டு மாசம் ஆகும். அது நஷ்டமில்லையா? அதுக்கு வெச்சுக்கலாம்.”

“நஷ்டம்தான். அதையே சொல்லு. ஆஸ்பத்திரிச் செலவு தீந்துடுச்சு, கூலிதான் போச்சுன்னு சொல்லு. அப்பவும் கொடுப்பாங்க.”

“செலவு எப்படித் தீந்துச்சுன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே!”

அவரால் அது ஏன் முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஊர் போடும் சோற்றைச் சாப்பிடலாம், அதில் ஒரு பெருமைகூட உண்டு, நல்லவனுக்குத்தான் ஊர் கூடும். சர்க்கார் கொடுத்த அட்டையால் பிழைத்தேன் என்று சொல்வதுதான் முடியாது. வேறு ஊர்க்காரனுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். பெல் க்ரீக்கில் பிறந்தவனுக்குப் புரியும்.

விருந்து நாளில் நல்ல கூட்டம். மார்வா வெறுங்கையோடு போக முடியாமல் சர்க்கரைப் பாலேடு பை ஒன்று சுட்டுக்கொண்டு வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சுட்டாள், ஆனாலும் பை அருமையாக வந்திருந்தது. ராய்ஸைக் கூடத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார், பார்த்தவர்களுக்கு மனம் உருகியது. வந்தவர்கள் எல்லாம் தோளைத் தொட்டார்கள். “நீ எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்க, ராய்ஸ்” என்றார்கள். ஒவ்வொரு கையும் தோளில் பட்டபோது அவர் உடம்பு கூசியது. வயிறு இன்னும் சரியாகவில்லை என்று சொல்லித் தட்டை ஒதுக்கினார்.

டெனிதான் ஏலம் விட்டான். மார்வாவின் பையை உயரத் தூக்கிக் காட்டினான். ராய்ஸின் வீட்டுப் பை என்பதால் அதற்கு ஏக மவுசு. ஹார்லன் ஸீபர்ட் இருபது என்றார். ஹார்லன் காபி மேசைக்காரர், சோளமும் சோயாவும் போடுகிற பெரிய விவசாயி. யாரோ இருபத்திரண்டு என்றார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ட்ரீனா கையைத் தூக்கினாள்.

“இருபத்தஞ்சு.”

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். மனிதருக்குக் குஷி.

“பாத்து மருமகளே! சர்க்கார் காசுல ஏலம் எடுக்கறது சட்ட விரோதம்!”

கூடம் அதிரச் சிரித்தது. ராய்ஸ் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேலி, தான் பெற்றுப் பெயரிட்ட பிள்ளை என்று அவருக்குத் தெரியும். ட்ரீனாவின் கழுத்து முழுக்கச் சிவந்துபோனது. அவள் உட்காரவில்லை.

“ஐம்பது” என்றாள். “என் காசு. நான் நின்னு சம்பாதிச்ச காசு.”

சிரிப்பு நின்றது. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஹார்லன்கூடத் தட்டினார். பை அவளுக்குப் போனது. பணத்தைக் கொடுத்துவிட்டு, பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவள் ராய்ஸிடம் வந்தாள். பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“மனசு விட்டுடாதீங்க. எனக்காவது ஒரு கார்டு இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்லையேன்னு நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல, ராய்ஸ்.”

ராய்ஸ் தலையை ஆட்டினார். ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை வந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. பூமி அப்படியெல்லாம் கேட்ட நேரத்துக்குப் பிளப்பதில்லை. அவர் மீதிக் கைகளையும் குலுக்கிக்கொண்டு கடைசி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபரில் அறுவடை மும்முரம். காற்றெல்லாம் சோளத் தூசி. ராய்ஸ் மெல்ல நடந்து காபி மேசைக்குத் திரும்பினார், குரல் மட்டும் திரும்பவில்லை. நோய் ஆளை அடக்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கல்லாவில் ட்ரீனா இருமிக்கொண்டிருந்தாள். முதலில் சாதாரண இருமல்போல் இருந்தது. பிறகு நாளுக்கு நாள் அதில் விசில்போல் ஒரு சத்தம் சேர்ந்தது. சில்லறை எண்ணும்போது நடுவில் நிறுத்திவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பழைய இன்ஹேலரைக் குலுக்கிப் பார்ப்பாள், உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே இழுப்பாள்.

மற்றவர்கள் எழுந்து போன பிறகு ஒருநாள் ராய்ஸ் கல்லாவுக்குப் போனார்.

“மருந்து வாங்கலையா, ட்ரீனா?”

“கார்டு செத்துப்போச்சு” என்று சிரித்தாள். “மருந்துக் கடையில நீட்டினா, வேலை செய்யலங்கறாங்க. தவணை கட்டாததால கணக்கை மூடிட்டாங்களாம்.”

“ஏன் கட்டல?”

கேட்டிருக்கவே வேண்டாம்.

“கார் ரிப்பேர்ல ஒரு மாசம் தவறிப்போச்சு. ரெண்டையும் சேத்துக் கட்டணும்னு எடுத்து வெச்சிருந்தேன். அதான், உங்க விருந்து அன்னைக்கு... ஹார்லன் அப்படிச் சொன்னதும் எனக்கு புத்தி கெட்டுப்போச்சு. சம்பளம் வந்ததும் கட்டிக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள கெடு தாண்டிடுச்சு.” உடனே கையை வீசினாள். “ஐயோ, நீங்க மூஞ்சிய அப்படி வெக்காதீங்க! ஹார்லன் வாயை அடைச்சோம்ல, அதுக்கே கொடுக்கலாம்.”

ராய்ஸ் பணப்பையை எடுத்தார்.

“எவ்வளவு? நான் இப்பவே கட்டுறேன்.”

“இப்போ கட்டினா சேக்க மாட்டாங்க. ஆறு மாசம் வெளியதான். நான் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் பாத்தேன்ல, அதனால வறுமைக் கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல வந்துட்டேனாம். கோட்டுக்குக் கீழ இருந்தா வெளிய தள்ள மாட்டாங்களாம். நல்லா இருக்குல்ல கதை?”

“அப்போ மருந்துக்காவது...”

அவர் நீட்டிய நோட்டை அவள் மடக்கி அவர் சட்டைப்பையில் வைத்தாள். குழந்தைக்குச் செய்வதுபோல் பையைத் தட்டிக்கொடுத்தாள்.

“அது உங்க ஆஸ்பத்திரி பில்லுக்கு ஊர் கொடுத்தது. அதைத் தொட்டா நான் மனுஷியே இல்ல. உங்களுக்கே ஒண்ணும் இல்லாதப்போ எனக்குக் கொடுக்க வர்றீங்க பாருங்க. அதான் உங்க மேல ஊருக்கு இவ்வளவு பிரியம்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை, அவளும் அவரும் மட்டும். அந்த ஒரு நிமிடத்தில் ஆண்பிள்ளையாக நின்று சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ராய்ஸ் சொல்லவில்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவருக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. அடுத்த மாவட்டத்துக் கடையில் அட்டையை நீட்டினார். கல்லாப் பையன் அதை ஒரு தடவை தேய்த்துவிட்டு மாத்திரைப் பொட்டலத்தை நகர்த்தினான். “ஒண்ணும் தர வேண்டாம், சார்” என்றான். மார்வா மாதாமாதம் தவறாமல் கட்டிவிடுகிறாள், கணக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வெட்கம் என்ற வார்த்தை போதாது. தன் மூச்சையே யாரிடமிருந்தோ பிடுங்கி இழுப்பதுபோல் இருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்து மார்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள், ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம், ராய்ஸ்? நான்தான் ஏற்கெனவே தெரிஞ்சவளாச்சே.”

மறுநாள் காலை நல்ல பனிமூட்டம். மேசையில் டெனியும் ஹார்லனும் முன்னாலேயே வந்திருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் ட்ரீனா காபி இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். ஒரு இருமல் பிடித்தது, அவளை விடவே இல்லை. அது அடங்கும்வரை ஹார்லன் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தினாலும் அந்தக் கடையில் எல்லாம் கேட்கும்.

“மாசம் என்ன கேக்கறாங்க? ஒரு வேளை வெளிய சாப்பிடுற காசு. அதைக்கூடக் கட்டத் துப்பில்ல. அவங்க கணக்குத் திறந்து, அவங்களே பணமும் போட்டு, கையில கொடுத்தா, அதையும் தொலைச்சுட்டு வந்து நிக்குது. என்ன சொல்ற, ராய்ஸ்?”

தீர்ப்புக்காக இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பழக்கமான தீர்ப்பு அவர்களுக்குத் தெரியும். அதை அவர் குரலில் ஒரு தடவை கேட்டால் காபி நன்றாக இறங்கும்.

“நானும் அதுலதான் இருக்கேன்” என்றார் ராய்ஸ்.

“எதுல?”

“அந்தத் திட்டத்துல. ரெண்டு வருஷமா. என் பித்தப்பையை எடுத்தது, என்னைப் பொழைக்க வெச்சது, எல்லாம் சர்க்கார் காசு. டெனி, நீ ஆஸ்பத்திரியில கேட்டப்போ நான் மறைச்சேன். ஊர் எனக்குப் போட்ட விருந்து முழுக்கப் பொய். பில்லே கிடையாது.” அவருக்கு மூச்சு வாங்கியது, விடாமல் சொன்னார். “அந்தப் பொண்ணு தவணைக்குன்னு வெச்சிருந்த காசைத்தான் அன்னைக்கு எனக்காக ஏலத்துல போட்டுச்சு. அதனாலதான் கார்டு போச்சு. என்னாலதான் போச்சு. எல்லாப் பணத்தையும் திருப்பித் தரேன்.”

அவர் நிமிரவில்லை. டெனி எழுந்து ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். ஹார்லன் காறித் துப்பியிருந்தாலும் சரி என்று இருந்தார். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன தீர்ப்பு தன் தலையில் இறங்கட்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டெனிதான் முதலில் பேசினான். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. ஆனால் பள்ளிக்கூட நட்பு.

“சொல்லியிருக்கலாம்டா” என்றான். “சரி, விடு. கூலி போனது நிஜம்தானே? யார் யார் எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும், யார்கிட்ட போய்த் திருப்பிக் கொடுப்ப? வெச்சுக்க.”

ஹார்லன் ராய்ஸின் தோளில் கையைப் போட்டார்.

“இதுக்காடா இப்படி உருகுற? உன் கதை வேற. வாழ்க்கை பூரா ஒழச்சவன் நீ. மாசாமாசம் கட்டுற, உன் பேர்ல கணக்கு இருக்கு. அது பிச்சையா? உன் காசை நீ எடுத்த, அவ்வளவுதான்.”

“ட்ரீனாவும் கட்டினா, ஹார்லன்.”

“கட்டல பாரு, அதான் வித்தியாசம்.”

“எனக்காகத்தான்...”

“நீயா ஏலம் எடுக்கச் சொன்ன? அது அவ வீம்பு.” ஹார்லன் காபியை ஒரு வாய் குடித்தார். “டெனி, கிடங்குல இன்னைக்கு எவ்வளவு ஈரம் இருக்கற சோளம் வரைக்கும் எடுத்துக்கறாங்களாம்? என் சோளம் இன்னும் பச்சையாவே இருக்கு.”

பேச்சு சோளத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். ராய்ஸ் தனக்குள் ரகசியமாகச் சொல்லி வந்த அதே வார்த்தைகளைச் சொல்லி, அவரை முழுதாக மன்னித்துவிட்டு, அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் பயந்து பயந்து ஒளித்த விஷயத்துக்கு ஊர் வைத்திருந்த விலை இவ்வளவுதான், அதுவும் அவருக்கு மட்டும்.

அவர் தலையைத் தூக்கினார். ட்ரீனா காபிக் கெட்டிலோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கத்துவாள், கெட்டிலை மேசையில் ஓங்கி வைப்பாள் என்று ராய்ஸ் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்பதைவிட வேண்டிக்கொண்டார் என்பதே சரி. அவள் டெனிக்கு ஊற்றினாள், ஹார்லனுக்கு ஊற்றினாள், பிறகு அவர் கோப்பையையும் சிந்தாமல் நிரப்பினாள். அவள் நெஞ்சுக்குள் காற்று கீச்சிடுவது அவருக்கு அருகிலிருந்து கேட்டது.

“ட்ரீனா” என்றார். “நான் அன்னைக்கே உன்கிட்ட...”

“பால் வேணுமா, மிஸ்டர் ஓவர்மயர்?”

ஊரில் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. ட்ரீனாவுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு அவர் ராய்ஸ்தான். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, பெட்ரோல் போட்டுக்கொண்டு, திரும்பி வரப்போகாத வெளியூர்க்காரர்களிடம்தான் அவள் அந்தக் குரலில் பேசுவாள்.

“வேண்டாம்” என்றார் அவர்.

“சரிங்க, சார்” என்று சொல்லிவிட்டு அவள் கல்லாவுக்குத் திரும்பிப் போனாள்.